குட்டை மண்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு விஷக் குட்டையைச் சுத்தம் செய்தோம் என்று சொன்னால், இன்றைக்கும் என் வீட்டில் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். செஞ்சிக் கோட்டை மலையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் ஊர்க் குன்றடியில், வெள்ளைக்காரன் காலத்தில் செம்பு தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளம் ஒன்று இருந்தது. மழைக்கு மழை அந்தக் கழிவு மண் கரைந்து குட்டையில் சேரும். அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடுகள் வாயில் நுரை தள்ளிச் செத்தன. அறுபதுகளின் நடுவில், நான் ஏழாவது படித்தபோது, சயின்ஸ் சார் எங்களை அங்கே சிரமதானத்துக்குக் கூட்டிப்போனார்.

கோடையில் வற்றிக் கிடந்த குட்டையில் இறங்கி, மண்ணை வழித்துக் கரையில் குவித்தோம். "வாயில கைய வெச்சிடாதீங்க, விஷ மண்ணு!" என்று சார் கத்திக்கொண்டே இருந்தார். அதைப் பழைய பள்ளத்திலேயே கொண்டுபோய்ப் புதைப்பது அவர் திட்டம். வண்டி கேட்டு அவர் ஊரைச் சுற்றியபோது ஒருவர் வீட்டு மாடும் சும்மா இல்லை. குப்பையைச் சுமக்க யார் வண்டி கட்டுவார்கள்?

ஆனால் குட்டை மண் கரையில் காய்கிறது என்றால், எங்கள் ஊர்ப் பக்கக் குடியானவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? வண்டல் அல்லவா, எருவுக்கு எரு! ஒருநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா அதை வண்டி வண்டியாக எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் கொட்டி, பரப்பி, ஏரும் ஓட்டி முடித்திருந்தார். ஊருக்கே மல்லாட்டை என்கிற நிலக்கடலைதான் சோறு போட்டது. எங்களுக்கு இருந்த நிலம் அந்த ஒரு கொல்லைதான்.

"உங்க சாருக்குக் கோடிப் புண்ணியம்மா. மத்தவன் வண்டி கட்டறதுக்குள்ள நான் அள்ளிட்டேன்" என்றார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "அய்யோ நைனா, அது விஷம்! மொதல்ல கையக் கழுவு!"

"மண்ணுல இன்னாடி விஷம்?" என்று சிரித்துவிட்டு, அதே கையால் கூழுக்கு வெங்காயம் உரித்தார். அவர் வாய்க்குள் போன விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். நைனா செத்துப்போவார் என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் காலையில் அவர் எழுந்து வெற்றிலை போட்டதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அதுவும் பாதியில் நின்றுபோனது. அந்தக் கொல்லை மல்லாட்டையைத் தின்றால் குடும்பமே அல்லவா போய்ச்சேரும்! சாரிடம் ஓடினேன்.

சார் சைக்கிளில் வந்து வரப்பில் நின்று விளக்கினார். மழை பெய்தால் விஷம் கீழே இறங்கும், கொல்லை ஓரத்திலேயே கிணறு இருக்கிறது என்றார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வானமோ வேளை பார்த்துக் கறுத்துக்கொண்டிருந்தது.

"அந்தக் கெணத்துல தெருவே தண்ணி மொள்ளுதே சார்" என்றார் நைனா. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி நசுக்கிப் பார்த்தார். "இதுல எது குட்டை மண்ணு, எது என்னுது?"

சாருக்கும் தெரியவில்லை. "ஏர் போன ஆழத்துக்கு எடுத்துட்டா நல்லதுங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

எங்கள் வகுப்பே கூடையும் மண்வெட்டியுமாக வந்து இறங்கியது. இடி முழங்கும்போதெல்லாம் நான் வானத்தை நிமிர்ந்து பார்த்தேன், மற்றவர்களுக்கோ கொண்டாட்டம். யார் கூடை முதலில் நிறைகிறது என்று போட்டி போட்டுக்கொண்டு கொல்லையை வழித்தோம். நைனா தன் வண்டியிலேயே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுபோய்ப் பழைய பள்ளத்தில் தள்ளினார். கடைசி வண்டி திரும்பும்போதுதான் முதல் தூறல் விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நைனா மட்டும் தலையைக் குனிந்தபடி மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்.

பாவமாக இருந்தது. "மேல் மண்ணுதான நைனா போச்சு? அடியில எவ்ளோ மண்ணு இருக்குது!" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாம்மா, நெறைய இருக்குது" என்றார்.

நான் நம்பிவிட்டேன். அந்த வருஷத்திலிருந்து அவர் ஏன் அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு ஏர் ஓட்டப் போகிறார் என்றுகூட எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஏர் போகும் ஆழத்துக்குக் கீழே வெறும் பாறைதான்.