பூர்மா அக்காவின் முப்பத்திரண்டாவது மெத்தை

கரா-சூ சந்தையில் திரைச்சீலை வரிசைக்குள் நுழைந்து, "பூர்மா அக்கா கடை எது?" என்று கேட்டால் யாரும் விரல் நீட்டிக் காட்ட மாட்டார்கள். "சத்தம் எங்க வருதோ அங்க போங்க" என்பார்கள். இரும்புக் கன்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சந்தை எங்களுடையது. கீழே கடை, மேலே கிடங்கு. அந்தப் பெட்டிக்குள் நின்று அக்கா சிரித்தால் எதிர்க்கடையில் என் காலுறைகள் கொடியோடு ஆடும். பதினேழு வருடமாக ஆடுகின்றன. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரைப் பேச்சுக் கொடுத்தே தன் பக்கம் இழுத்துக்கொண்டவள் அவள். ஆனாலும் அவளைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

முழுப் பெயர் பூர்மாகான். இருபது வயதில் கல்யாணம். முல்லா வந்து நிக்காஹ் ஓதினார், ஆடு அறுத்தார்கள், பலாவ் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். பதிவு அலுவலகத்துக்கும் ஒரு நடை போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இங்கே பாதிப் பேருக்குத் தோன்றாது. கடவுள் சாட்சியாக நடந்ததில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பார்கள். அக்கா ஆறு வருடம் மாஸ்கோவில் உணவகப் பாத்திரங்களைக் கழுவினாள். அவள் அனுப்பிய பணத்தில் மாமனார் மனையில் செங்கல் வீடு எழும்பியது. மனை மாமனார் பேரில் இருந்தது, வீடும் அவர் பேரில் ஆனது. அவள் பெட்டியோடு திரும்பி வந்தபோது அந்த வீட்டில் வேறொருத்தி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நீதிமன்றத்துக்குப் போனாள். நீதிபதி அம்மாள் நல்லவர்தான். "கல்யாணச் சான்றிதழ் இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை. "வீட்டுப் பத்திரத்துல உங்க பேரு?" இல்லை. அவ்வளவுதான் வழக்கு. ஒன்பது வருடம் அவள் அந்தக் குடும்பத்தில் விருந்தாளியாக இருந்தாள் என்று ஆகிவிட்டது.

எங்கள் வழக்கத்தில் பெண் கொண்டுவந்த சீர் மெத்தைகள் அவளுக்கே சொந்தம். எவ்வளவு கெட்ட மாமியாரும் அதில் கை வைக்க மாட்டாள். முப்பத்திரண்டு பஞ்சு மெத்தைகள் லாரியில் ஏறின. அவற்றின் மேல் உட்கார்ந்து ஊர் பார்க்க அக்கா பிறந்த வீடு திரும்பினாள். "ராணி மாதிரி வந்தேண்டி மாவ்லூதா. கீழ முப்பத்திரண்டு மெத்தை, கையில ஒரு துண்டுக் காகிதம் கிடையாது" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

மூன்றாம் வாரம் அழுகையை நிறுத்திவிட்டு அந்த மெத்தைகளைச் சந்தைக்குத் தூக்கிவந்தாள். சீர் மெத்தையை விலை கூவி விற்கிறாளே என்று ஊரே வாயில் கை வைத்தது. அம்மா சாகும் முன் தைத்த சிவப்பு உறை போட்ட ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள். மற்ற முப்பத்தொன்றும் போய், திரைச்சீலை வந்தது. சில வருடங்களில் சொந்தக் கன்டெய்னரும் வந்தது.

அன்றிலிருந்து அக்காவுக்குப் பத்திர நோய். சந்தையில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று கேட்க மாட்டாள். "பதிவு பண்ணியாச்சா?" என்றுதான் கேட்பாள். என் மகள் கல்யாணத்தில் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வாய் தேநீர் குடிக்கவில்லை. தன் தம்பி அக்ஜோலின் கல்யாணத்தில் இன்னும் மோசம். "முதல்ல பதிவு, அப்புறம் நிக்காஹ். மாத்திச் செஞ்சா முல்லா வர்ற வழியில குறுக்கே படுத்துருவேன்" என்றாள். கல்யாணப் பெண் ஜீபெக், மருத்துவமனையில் செவிலி, பேசவே கூச்சப்படுவாள். பதிவு அலுவலகத்தில் அவள் கையில் பேனாவைத் திணித்து, "எழுதுடி பொண்ணே, அழுத்தி எழுது" என்று அக்கா போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயதில் தாஷ்தான் என்பவர் வந்தார். மனைவியை இழந்தவர், ஓஷ் நகரத் தடத்தில் சிற்றுந்து ஓட்டுகிறவர். வண்டி ஜன்னலுக்குத் திரை வாங்கினார். மறுநாள் நீளம் போதவில்லை என்று வந்தார். அடுத்த வாரம் நீளம் அதிகம் என்று வந்தார். நான்காவது தடவை நான் பொறுக்க முடியாமல், "அண்ணே, திரை வேணுமா, திரைக்காரி வேணுமா, ஒரு முடிவுக்கு வாங்க. எங்களுக்கும் வியாபாரம் நடக்கணும்" என்றேன். மனிதர் காது வரை சிவந்துபோனார். அக்கா, பதினேழு வருடத்தில் முதல் தடவையாக, சத்தமே இல்லாமல் நின்றாள்.

சம்மதித்தாள், ஆனால் நிபந்தனையோடு. பதிவுக்கு முன் நோட்டரியிடம் கல்யாண ஒப்பந்தம். அவளுடைய கடை அவளுக்கு, அவருடைய வீடும் வண்டியும் அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும். பிறகுதான் முல்லா. தாஷ்தான் சரி என்றார். அவருடைய அக்கா சொனூன் சரி என்பாளா? நேரே கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே வெளிய போற வழி கேக்குறியாமே?"

"வழி தெரிஞ்சா உள்ள நிம்மதியா உக்காரலாம், மதினி."

"எங்க தம்பி என்ன திருடனா?"

"திருடன்னா நான் ஏன் கட்டிக்கப் போறேன்? அவர் பிள்ளைங்க நாளைக்கு என்னைத் திருடின்னு சொல்லக்கூடாது. அதுக்கும் சேர்த்துத்தான் காகிதம்."

சொனூன், திரைச்சீலை எல்லாம் சாயம் போகிற சரக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஒப்பந்தம் பிடிக்கவில்லை. கல்யாணப் பேச்சில் பிரிவைப் பற்றி எழுதுவது வாய்க்குள் மண் போட்ட மாதிரி இருந்தது.

துணைக்கு என்னையும் நோட்டரி அலுவலகத்துக்கு இழுத்துப் போனாள். தாஷ்தான் காகிதத்தை வாங்கியதும் பேனாவைத் திறந்தார்.

"படிச்சீங்களா?" என்றாள் அக்கா.

"நீ எழுதச் சொன்னதுதானே."

"படிக்காம கையெழுத்துப் போடுற ஆளை நான் கட்டிக்க மாட்டேன்."

பாவம், நோட்டரிப் பெண்ணின் கண்ணாடியையே இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல உரக்க வரி வரியாகப் படித்தார். "திருமணத்துக்கு முன் மணமகளுக்குச் சொந்தமாயிருந்த கடை மணமகளுக்கே" என்ற இடம் வந்ததும் நோட்டரிப் பெண் நிமிர்ந்தாள். "கடைப் பத்திரத்தைக் குடுங்க. நம்பர் எழுதணும்."

அக்கா பெருமையாகப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். "இதுல அக்ஜோல்னு இருக்கே?"

அக்காவின் முகம் வெளுத்தது. கடை வாங்கிய வருடம் பழைய புருஷன் சந்தையைச் சுற்றி வந்துகொண்டிருந்தான், "என் வீட்டுல இருந்தப்போ சேர்த்த காசு" என்று கத்திக்கொண்டு. அவனுக்குப் பயந்து தம்பி பேரில் எழுதி வைத்தாள். எங்கள் பெண்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். புருஷனிடமிருந்து ஒளிக்க வேண்டியதைக் கூடப்பிறந்தவனிடம் கொடுத்து வைப்பார்கள். அவன் ஆபத்து முடிந்ததும் தருவான். ஆபத்து முடிந்தது, இவள் வாங்க மறந்தாள். ஊரில் உள்ளவர் பத்திரத்தை எல்லாம் பார்த்தவள் தன்னுடையதைத் திறந்தே பார்க்கவில்லை.

"பரவாயில்ல, தம்பி தானமா எழுதிக் குடுத்துருவான்" என்றாள்.

"கடை வாங்குறப்போ அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சா?"

"ஆச்சு. அதுக்கு முந்தின வருஷம்."

"பதிவு பண்ணின கல்யாணமா?"

நான்தான் சொன்னேன், "நல்லா அழுத்திப் பதிவு பண்ணின கல்யாணம்மா."

"அப்போ சட்டப்படி அதுல பாதி அவர் மனைவியோடது. அவங்க சம்மதக் கையெழுத்து இல்லாம ஒண்ணும் மாத்த முடியாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. முப்பத்தொரு மெத்தை விற்ற காசும் அந்தக் கன்டெய்னருக்குள்தானே இருந்தது! ஜீபெக்கின் அம்மா லேசுப்பட்டவள் அல்ல. விஷயம் தெரிந்த அன்றே, "கையெழுத்துப் போட்டே, உனக்கு அம்மா கிடையாது" என்று மகளிடம் சொன்னதாக மதியத்துக்குள் சந்தை முழுக்கப் பேச்சு.

மறுநாள் காலை கறி அடைத்துச் சுட்ட சூடான சம்சாக்களை வாங்கிக்கொண்டு அக்காவின் பிறந்த வீட்டுக்குப் போனோம். அங்கேதான் அக்ஜோலும் ஜீபெக்கும் இருக்கிறார்கள். ஜீபெக் தேநீர் ஊற்றினாள். எங்களுக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினாள்; இங்கே நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். மரியாதை குறையவில்லை, அதனால் கொஞ்சம் தெம்பு வந்தது.

"போடுறேன் அக்கா," என்றாள் ஜீபெக். "உங்க கடை அது. ஒரு நாளும் என்னோடதுன்னு நெனச்சதில்ல. ஆனா நானும் ஒண்ணு கேப்பேன்."

"கேளு."

"இந்த வீடு இன்னும் செத்துப்போன மாமா பேர்லயே கிடக்கு. வாரிசு நீங்களும் உங்க தம்பியும். உங்க பாதியை என் பேருக்கு எழுதிக் குடுங்க. அவர் பேருக்கு வேணாம். என் பேருக்கு."

அக்ஜோலுக்குத் தேநீர் புரையேறியது. எனக்கு நாக்கு நிற்கவில்லை. "அடி நன்றி கெட்டவளே, இவ இல்லன்னா உனக்கு ஏதுடி இந்த உரிமை எல்லாம்?"

"அதான் மாவ்லூதா அக்கா, இவங்ககிட்டயே கேக்குறேன். வேற யாருக்குப் புரியும்?" என்றாள் அவள். "ரெண்டு வருஷம் முன்னாடியே நோட்டரிகிட்ட விசாரிச்சேன். அப்பா விட்டுப் போனது பிள்ளையோட தனிச் சொத்தாம். பதிவு பண்ணின பொண்டாட்டியா இருந்தாலும் அதுல எனக்குப் பங்கு கிடையாதாம்."

"நான் உன்னை என்னடி பண்ணிடப் போறேன்?" என்றான் அக்ஜோல்.

"நீங்க நல்லவர்தான். நல்லவரா இருக்கிறப்பவே கேட்டுக்கிறேன்."

அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜீபெக், இந்தக் கூரை எப்போ மாத்தினது?"

"அஞ்சு வருஷம் ஆச்சு. என் சம்பளம்."

"அந்தக் குளியலறை?"

"நான்தான். ராத்திரி டியூட்டி சேர்த்துப் பார்த்தேன்."

"பத்திரம் எங்கப்பா பேர்ல."

"ஆமா."

அக்கா தலையில் பட்டென்று அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினேன். என் வீட்டுக்குள்ளயே ஒருத்தி என்னை மாதிரி வீடு கட்டிக்கிட்டு இருந்திருக்கா, எனக்குத் தெரியல. நான் அந்த மாமியாரா ஆயிட்டேண்டி, மாவ்லூதா!"

பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் எதை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பெண்கள் அப்பன் வீட்டில் பங்கு கேட்க மாட்டார்கள். கேட்காமல் விட்டு வைப்பது, திரும்பி வர ஒரு வாசல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த லாரி இந்த வாசலில்தான் வந்து நின்றது. இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள் இந்த வாசலையும் எழுதிக் கொடுத்துவிட்டால்?

அதைச் சொல்லியேவிட்டாள். "நான் திரும்பி வர்ற வீடுடி இது."

"என் பேர்ல இருந்தா எப்பவும் வரலாம் அக்கா," என்றாள் ஜீபெக். "அவர் பேர்ல மட்டும் இருந்து, நாளைக்கு என் இடத்துல வேற ஒருத்தி தேநீர் ஊத்தினா, அவ உங்களுக்குக் கதவு திறப்பாளா?"

அக்கா எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன், சம்சா ஆறிப்போனது.

அந்த வெள்ளிக்கிழமை நோட்டரி அலுவலகமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஜீபெக் சம்மதம் எழுதினாள், அக்ஜோல் கடையை அக்காவுக்கு எழுதினான். அக்கா தன் பாதி வீட்டை ஜீபெக்குக்கு எழுதி, பதிவுக்கும் அனுப்பினாள். கடைசியாக ஒப்பந்தம். தாஷ்தான் யாரும் சொல்லாமலே மறுபடி முழுக்கப் படித்தார். மூலையில் சொனூனும் இருந்தாள். எல்லோரும் எழுந்த பிறகு நோட்டரிப் பெண்ணிடம் போய், "மகள் பேர்ல எழுதணும்னா என்னென்ன காகிதம் கொண்டு வரணும்?" என்று மெல்லக் கேட்டதை நான் பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், இருக்கட்டும்.

கல்யாணத்தன்று அந்த வீட்டிலிருந்தே அக்கா புறப்பட்டாள். வாசலில் தாஷ்தானின் சிற்றுந்து நின்றது. ஜீபெக் சிவப்பு மெத்தையைத் தூக்கி வண்டியில் வைக்கப் போனாள்.

"அது இங்கேயே இருக்கட்டும்," என்றாள் அக்கா. "வந்தா படுக்கணும்ல."

ஜீபெக் மெத்தையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். தன் பிள்ளையின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே எழுதி, அக்காவிடம் நீட்டினாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"பூர்மாகான் அக்காவின் சிவப்பு மெத்தை ஒன்று என் வீட்டில், ஜன்னலோர அறையில் இருக்கிறது. அக்கா எந்த நாளும், எந்த நேரமும், யாருக்கும் காரணம் சொல்லாமல் வந்து அதில் படுத்துக்கொள்ளலாம். இப்படிக்கு, ஜீபெக்."

படித்து முடித்து, இன்னொரு தடவை மனதுக்குள் படித்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"தேதி போடலையேடி," என்றாள்.

ஜீபெக் தாளை வாங்கித் தேதி போட்டாள், அழுத்தி.