நடந்து வந்தவனுக்கு வலியில்லையாம்

"...அப்போ பெரட்டுக்கு எப்புடி நடந்து வந்த? வலிக்கிறவன் நடப்பானா?" என்றார் தேயிலைத் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, கையிலிருந்த பிரம்பால் என் காலைக் காட்டி.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நேற்று நான் போகவில்லை. எழும்பவே முடியாமல் லயத்து வீட்டில் கிடந்தேன். "நேர்ல வராதவனுக்கு சுகவீன லீவு கிடையாது" என்று சொல்லியனுப்பினார். சரியென்று இன்று வந்தேன். வந்துவிட்டதால் வியாதியே இல்லையாம்! இந்த நியாயத்தை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது?

"நடந்தா வந்தாரு? என் தோள்ல தொங்கிக்கிட்டுல்ல வந்தாருங்கையா" என்றாள் என் மனைவி.

"கல்யாணத்தன்னைக்கிகூட இப்புடி ஒட்டி நடக்கலியே அக்கா" என்றாள் கொழுந்தெடுக்கிற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு வந்திருப்பது கவுட். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் மூட்டு தக்காளிப்பழம்போல வீங்கிவிடும். போர்வை பட்டாலே உயிர் போகும். பஸ் ஏறி மஸ்கெலியா ஆஸ்பத்திரி வரை போக முடியாத என் போன்றவர்களை அங்குள்ள மருந்தாளர் மிஸ் போனிலேயே பார்த்துக்கொள்கிறார். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, டொக்டரோடு பேசி, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். "ஆரம்பத்துல வலி திரும்ப வரலாம் அண்ணன். பயந்து மாத்திரைய நிப்பாட்டிராதீங்க, காலுக்கு ஓய்வு குடுங்க" என்று முன்பே சொல்லியிருந்தார். குடிப்பீங்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன். "சரிங்க" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். என் முகத்தையே பார்த்திராத மனுஷி என் வார்த்தையை நம்பினார்.

பக்கத்திலேயே நிற்கிற கண்டாக்கு ஐயா சொன்னது வேறு: "குடிகாரன் வியாதிக்கெல்லாம் லீவு குடுக்க முடியாது. கவ்வாத்து மலைக்குப் போ."

செங்குத்தான சரிவு அது. கவ்வாத்து என்று தேயிலைச் செடிகளின் கிளைகளை வெட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காலூன்றி நிற்க வேண்டும். நல்ல வேளை, எங்கள் பக்கம் பெரட்டுக் களத்தில்தான் சிக்னல் கிடைக்கும். மிஸ்ஸைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை நீட்டினேன்.

"அவர இன்னைக்கி நிக்க வைக்காதீங்க சேர்" என்றார் மிஸ்.

"நீங்க டொக்டரா?"

"மருந்தாளர் சேர். டொக்டரோட சேர்ந்துதான் பாக்குறோம். பக்கத்துலதானே நிக்கிறீங்க, வீக்கத்த நீங்களே பாருங்களேன்."

பார்க்கத்தான் செய்தார். குனியவில்லை, பிரம்பு நுனியால் என் பெருவிரலை அழுத்தினார்.

நான் போட்ட சத்தத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. "அண்ணன், என்னாச்சு? சேர், அங்க என்ன நடக்குது?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.

கண்டாக்கு ஐயா பிரம்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். என் பெயருக்கு நேரே சுகவீனம் என்று குறித்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.