லோகநாயகி போட்ட வழி

விமானத்துக்கே வழி பார்த்துச் சொல்கிற லோகநாயகி இதுவரை விமானம் ஏறியதில்லை. ஏறுகிற உத்தேசமும் இல்லை. "உள்ள என்னென்ன தப்பு வரும்னு தெரிஞ்ச பொறவு எவ ஏறுவா?" என்பாள்.

சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய ஆபீஸ். விமானத்துக்குள் இருக்கிற கம்ப்யூட்டருக்கு எந்த ஓடுதளம் எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் திரும்புவது என்று எல்லாவற்றையும் எண்களாக ஏற்றுவார்கள். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை புதுசு. ஒரு எண் புரண்டால் விமானம் வேறு பக்கம் மூக்கைத் திருப்பும். உலகம் முழுக்க விமானங்களுக்கு ஒரே மணிதான். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். இதையெல்லாம் ஏற்றுமுன் சரிபார்ப்பதுதான் பதினாலு வருஷமாக அவள் வேலை. ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் டிக் அடிக்க வேண்டும். தனியாக யாரும் பார்க்கக் கூடாது. மேனேஜரே ஆனாலும் கூடாது.

செம்மங்குப்பத்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. மளிகைச் சீட்டு, ரேஷன் கார்டு, பஸ் போர்டு, எதையும் விடமாட்டாள். காலண்டரில் அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று அச்சடித்தவர்களுக்கே போன் போட்டவள். புருஷன் தங்கராசு காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை எடை போடுகிறவர். அவருக்கு வாய் அதிகம் கிடையாது. திறக்க வாய்ப்பும் அதிகம் கிடைத்ததில்லை.

தங்கை வெண்மதிக்குக் கல்யாணம் கூடியது. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை கோயிலில், காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை அன்பரசு சிதம்பரத்துக்காரர். பத்திரிகைப் பொறுப்பை அக்காவே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பத்திரிகை மூலையில் ஒரு சதுரம் அச்சடிப்பார்கள். போனைக் காட்டினால் அது வழி சொல்லும். அதற்கு இடக்குறிப்பு கேட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் போனில் கோயிலைத் தொட்டு அனுப்பியிருப்பார்கள். லோகநாயகி ஆபீஸில் எழுதுகிற மாதிரி எண்ணாகவே எழுதினாள்.

"நானும் ஒரு வாட்டி பாக்கட்டுமா?" என்றார் தங்கராசு.

"இது என்ன முந்திரியா?" என்று தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலை ஆறேமுக்கால். வெண்மதி ஜோடித்து உட்கார்ந்தாயிற்று. ஐந்து மணிக்கே சிதம்பரத்திலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வேனைத்தான் காணோம். லோகநாயகிக்குப் போன் வந்தது. பேசியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் கலியமூர்த்தி.

"எம்மா, வந்துட்டோம். ஆனா கோயிலத்தான் காணோம்."

"நல்லாப் பாருங்க மாமா. கோபுரம் தெரியுதா?"

"கரும்புதாம்மா தெரியுது. விருத்தாசலத்துக்குத் தெக்கால ஏதோ கொல்லையில நிக்கிறோம்."

"ஐயோ! திருவதிகை எங்க இருக்குன்னு வேன்ல ஒருத்தருக்குமா தெரியாது?"

"எல்லாருக்கும் தெரியும். சேத்தியாத்தோப்பு பக்கம் வண்டி போவும்போதே தெரியும். பொண்ணோட அக்கா பிளேனுக்கே வழி பாக்குறவங்களாச்சே, எதுனா குறுக்கு வழியா இருக்கும்னு எல்லாரும் கம்முனு உக்காந்துட்டோம்."

வேனை உடனே பண்ருட்டிப் பக்கம் விரட்டச் சொன்னாள். ஒன்பது மணிக்குள் வந்து சேருமா? சேராவிட்டால் தங்கை மாலையோடு எழுந்து போக வேண்டியதுதான். அதற்குள் பெண் வீட்டார் மொத்தப் பேரும் வேன் டிரைவர் காத்தவராயனைத் திட்ட ஆரம்பித்தார்கள். தூங்கிவிட்டான் என்றார் ஒருவர். குடித்திருப்பான் என்றார் இன்னொருவர்.

லோகநாயகி பத்திரிகைக்கு எழுதிய தாளைப் பையிலிருந்து எடுத்து விரித்தாள். 11.456 என்று ஆரம்பித்தது. பார்த்ததும் தப்பு அவள் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. பழி காத்தவராயனோடு போய்விடும். அந்த ஆசை அவளுக்கு வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. தாளை மடிக்காமலே கூட்டத்துக்கு நடுவில் வந்தாள்.

"டிரைவர ஏசாதீங்க. தப்பு என்னுது" என்றாள்.

பதினொரு டிகிரி, நாற்பத்தைந்தே சொச்சம் மினிட் என்று விளக்கிப் பார்த்தாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. தங்கராசு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"கடியாரத்துல பதினொன்னே முக்கால்னா பதினொன்னு நாப்பத்தஞ்சு. தராசுல பதினொன்னே முக்கால்னா பதினொன்னு எழுவத்தஞ்சு. இவ கடியாரக் கணக்குல எழுதியிருக்கா. போனு தராசுக் கணக்குல படிச்சிருக்கு. அவ்ளோதான்."

கூட்டம் மொத்தமும் "ஓ..." என்றது. வேன் வராத துக்கத்தோடு, மனுஷன் இத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டாரே என்கிற துக்கமும் லோகநாயகிக்குச் சேர்ந்துகொண்டது.

எட்டு ஐம்பதுக்கு வேன் வந்தது. மாப்பிள்ளை கட்டிய வேட்டியோடு ஓடி வந்தார். எட்டு ஐம்பத்தேழுக்குத் தாலி ஏறியது. லோகநாயகி ஓவென்று அழுதாள். சந்தோஷம் பாதி, பயம் தெளிந்தது பாதி.

கலியமூர்த்தி சாப்பிட்டுக் கை கழுவியபின் அவளிடம் வந்தார். "ஏம்மா, பிளேனும் இப்பிடித்தான் போவுதா?"

"பிளேனுக்கு ரெண்டு பேரு பாப்போம் மாமா. இத நா ஒருத்தியே பாத்தேன்."

மறு வருஷம் வெண்மதிக்கு வளைகாப்பு. சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய அழைப்பை லோகநாயகி எழுதினாள். எழுதிய தாளைத் தங்கராசுவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். நகல் ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க படிங்க. நா டிக் அடிக்கிறேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். பெயர், டிக். இடம், டிக். தேதி, டிக்.

"நேரம், காலை நாலு முப்பது."

டிக்.

தங்கராசு நிறுத்தினார். "ஏன் லோகு, காலைல நாலரைக்கு எவ வந்து வளையல் போடுவா?"

பத்து மணிக்கு விசேஷம். பழக்க தோஷத்தில் விமானத்து மணியை எழுதியிருந்தாள். கடைசியாகப் போட்ட டிக்கைக் கிறுக்கி அழித்தாள். பேனாவையும் நகலையும் அவரிடம் நீட்டிவிட்டு, அவர் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே நா படிக்கிறேன். டிக் நீங்க அடிங்க."