முரசுக்குள் வைத்த ஜெல்

கனடாவில் ஸ்காபரோவை விட்டு அஜக்ஸ் நகருக்கு வீடு மாறி வந்த வருடம்தான் என் முரசிலிருந்து இரத்தம் வரத் தொடங்கியது. ஈறை நாங்கள் முரசு என்றுதான் சொல்வோம். பல் தீட்டும்போது நுரை சிவப்பாக வரும். வாஷ்பேசினைக் கழுவிவிட்டு வெளியே வந்துவிடுவேன். நோகவில்லை. நோகாத ஒன்றை நோய் என்று எண்ணத் தோன்றவில்லை.

பிறகு வாய் நாறத் தொடங்கியது. நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். அங்கே மாஸ்க் போட்டிருப்போம், சமாளித்தேன். வீட்டில் என்ன செய்வது? கணவரோடு பேசும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டேன். படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பினேன். மருந்துக்கடையில் வாய்ப்புண்ணுக்கு விற்கும் ஜெல்லை வாங்கி விரல்நுனியால் பூசினேன். புதினா வாசத்தோடு முரசு குளிர்ந்து விறைக்கும். அதையே சுகம் என்று நம்பினேன்.

ஒரு காலை அப்பிள் கடித்தபோது கீழ்ப்பல் ஒன்று அசைந்தது. பயந்துபோய்க் கணவரிடம் சொன்னேன், பல் ஆடுகிறது என்று மட்டும். அவர் லீவு எடுத்து, ஸ்காபரோவில் நாங்கள் வழக்கமாகப் போகும் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பல் வைத்தியர் இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளந்துவிட்டு, எவ்வளவு காலமாக இரத்தம் வருகிறது என்று கேட்டார். கதவோரம் கணவர் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடம் இருக்கும், கடையில் வாங்கிய ஜெல் பூசினேன் என்றேன். கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அன்ரி, நீங்க பூசின ஜெல் மேல மட்டும்தான் நிக்கும். இன்ஃபெக்‌ஷன் உள்ளுக்கு இருக்கு,” என்றார் வைத்தியர்.

பல்லுக்கும் முரசுக்கும் நடுவே பை போலப் பள்ளம் விழுந்திருக்கிறதாம். முதலில் அதற்குள் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும், பிறகு அங்கேயே மருந்து ஜெல் வைக்கலாம் என்றார். சுத்தம் செய்யாமல் ஜெல் மட்டும் வைத்துப் பயனில்லை; பல்லைத் தாங்கும் எலும்பில் கரைந்துபோனதும் திரும்ப வளராது. ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

விறைக்க ஊசி போட்டுச் சுத்தம் செய்தார்கள். பிறகு மொட்டை ஊசி ஒன்றைப் பல்லோரம் நுழைத்து ஜெல்லை விட்டார்கள். நாக்கில் கொஞ்சம் கசந்தது. சில நாட்களுக்கு அந்த இடத்தைத் தீட்டாமல், கடினமானதைக் கடிக்காமல் இருக்கச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது கணவர்தான் கார் ஓட்டினார். நெடுஞ்சாலையிலிருந்து அஜக்ஸ் எக்ஸிற்றில் இறங்கும்போது கேட்டார்.

“நீர் முகத்தைத் திருப்பினது எல்லாம் உந்த முரசாலயோ?”

“ஓம்.”

“நான் நினைச்சன், ஸ்காபரோவை விட்டு வந்த கோவம் எண்டு.”

வாய் விறைத்திருந்தது, தலையை மட்டும் ஆட்டி இல்லை என்றேன். ஒரு வருடமாக அவர் அந்த எண்ணத்தோடு என் பக்கத்தில் படுத்திருக்கிறார், கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து மறுபடி அளந்தார்கள். இரத்தம் நின்றிருந்தது. பள்ளங்கள் பெரும்பாலும் குறைந்திருந்தன. ஆடிய பல் இப்போதைக்கு நிற்கிறது, ஆனால் முரசு இறங்கிப் பல் நீண்டு தெரிகிறது. இனி ஒழுங்காக வந்து சுத்தம் செய்யவேண்டும். வெளியே வந்தபோது கணவர் வரவேற்பு மேசையில் தனக்கும் ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இரத்தம் வருகிறதாம். எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்துவிட்டாராம்.

காரில் ஏறியதும், அன்று தலையாட்டியது முழு உண்மை இல்லை என்று தோன்றியது.

“கொஞ்சம் கோவமும் இருந்ததுதான்,” என்றேன். ஸ்காபரோவில் நினைத்த நேரம் பஸ் ஏறிப் போவேன், இங்கே ஒரு பால் வாங்கவும் உங்கள் காரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்றேன்.

அடுத்த கிழமை எனக்குக் கார் ஓட்டப் பழக்க ஆள் பிடித்தார். தான் பழக்கினால் சண்டை வரும் என்றார். அது உண்மைதான்.