விசர் என்ற சொல்

நான் மதுரைக்காரி, கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். சிட்னியில், கிரவீனில் குடியிருந்தோம். திருமணமான நாளிலிருந்து அவர் என்னிடம் என் ஊர்த் தமிழில்தான் பேசுவார். அதை அன்பென்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

2011 குளிர்காலத்தில் அவருடைய பள்ளித் தோழி மெல்போர்னிலிருந்து ஸ்ட்ராத்ஃபீல்டுக்குக் குடிவந்தாள். பார்க்கப் போனோம். கதவைத் திறந்தவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தக் குளிருக்கையும் செருப்போடயோ வந்தனீ? விசரா."

"நீ மட்டும் திருந்திட்டியோ, விசரி?"

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எதையும் சரிபார்க்காமல் விடுவது என் வழக்கமில்லை. வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்தேன். பித்து, பைத்தியம் இரண்டும் பித்தத்தோடு தொடர்புடையவை. பித்தம் தலைக்கேறினால் புத்தி பிசகும் என்பது பழைய வைத்தியம். விசருக்கும் பைத்தியம் என்றுதான் பொருள் போட்டிருந்தது. எங்கிருந்து வந்த சொல் என்பது மட்டும் பிடிபடவில்லை. கணவரிடம் கேட்டேன்.

"தெரியலையே. வெறிநாயை விசர்நாய்னு சொல்வோம். கடிச்சா ஆள் பிழைக்க மாட்டான்."

"அந்த வார்த்தையை அவங்க சொன்னா மட்டும் சிரிக்கிறீங்க."

"அவ சின்ன வயசுலேருந்து சொல்றா."

என்னை அவர் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. தினமும் சோற்றைப் போடுகிறவளுக்கு விருந்தாளியின் மரியாதை. மூன்று மணி நேரம் பார்த்தவளுக்கு அந்தச் சிரிப்பு.

அடுத்த முறை அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் சட்டியிலிருந்து கத்தரிக்காயைக் கையால் எடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"விசரா, கரண்டி இருக்குல்ல."

அவர் கை அப்படியே நின்றது. தோழிதான் பேசினாள்.

"அக்கா, அதை நான் சொன்னா பகிடி. மனுசி சொன்னா ஏச்சு." பகிடி என்றால் கேலி, மனுசி என்றால் மனைவி என்று எனக்கும் தெரியும்.

புறப்படும்போது மீதிக் குழம்பை ஒரு டப்பாவில் போட்டு என் கையில் தந்தாள். "இவனுக்குக் குடுங்கோ. விருப்பமாச் சாப்பிடுவான்." அவருக்கு எது விருப்பம் என்று அவள் எனக்குச் சொன்னாள்.

அவள் ஊரிலும் சரி, என் ஊரிலும் சரி, வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். அந்த டப்பாவை இரண்டு முறை கழுவி, துடைத்து, காலியாகக் கொண்டுபோனேன். வாசலில் வைத்தே அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். திரும்ப மூடினாள். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

காரில் ஏறியதும் கேட்டார்.

"வெறும் டப்பாவை ஏன் குடுத்தனீர்? உமக்கென்ன விசரே?"

தன் ஊர்த் தமிழில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு பின்னால் வரும் என்று கிரவீன் வரும்வரை காத்திருந்தேன்.