ஏணிக்குக் கீழே கோடரி

என் பல்செட்டின் மேல் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சந்தேகமிருந்தால் வெர்னாவைக் கேளுங்கள். எனக்காகப் பொய் சொல்லுமளவுக்கு அவளுக்கு என்னைப் பிடிக்காது.

எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஒரு நோய் வந்து வர்ஜீனியா மலையிலிருந்த செஸ்ட்நட் மரங்களையெல்லாம் தின்றுவிட்டது. அதைத் தாங்கும் மரத்தை உண்டாக்கத்தான் நானும் வெர்னாவும் இன்னும் சிலரும் கூலி வாங்காமல் தோட்டம் போட்டோம். கன்று பெரிதானதும் பட்டையில் துளையிட்டு, அந்த நோயை நாங்களே உள்ளே வைப்போம். பிழைத்தால் விதைக்கு, இல்லாவிட்டால் விறகுக்கு. ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. அந்த ஜூனில் பூத்தது.

வேற்று மகரந்தம் படாமலிருக்கப் பூக்களுக்குக் காகித உறை மாட்ட ஏறினேன். வெர்னா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்து தொலைக்காத, ஓடெல். இங்கயே புதைச்சிடுவேன்."

"புதை. மரத்துக்கு உரமாவது ஆவேன்."

"நீ உரமில்ல, விஷம்."

உறை தீர்ந்தது. எடுத்துவர வண்டிக்குப் போனாள். மாலை ஆறரை மணி. மூடுபனி ஏறி, தரை மறைந்தது.

டொக்.

மரங்கொத்தி என்று நினைத்தேன்.

டொக்... டொக்...

மரம் அதிர்ந்தது. குனிந்தேன். பழைய தொப்பி. கம்பளிச் சட்டை. கோடரி.

"யோவ்! வெட்டாதய்யா! இது நோயைத் தாங்கின மரம்!"

அவன் நிமிரவில்லை. "நோய் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டிடச் சொல்லியிருக்காங்க, தம்பி."

எனக்கு எழுபத்தெட்டு வயது. தம்பியாம்.

"இது சாகாதுய்யா!"

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க."

இறங்கக் காலை விட்டேன். படி இல்லை.

ஏணியே இல்லை...

கிளையைக் கட்டிக்கொண்டேன். கத்தினேன்.

டொக்...

மரம் சாய்ந்தது.

கண் திறந்தபோது ஏணியில்தான் நின்றிருந்தேன். மரமும் நின்றது. ஒரு கீறல் இல்லை. கீழே, திரும்பி வந்திருந்த வெர்னா காற்றை மோந்து பார்த்தாள்.

"யாரு இங்க பச்சை மரம் வெட்டினது?"

ஆகஸ்டில் மரம் நின்றபடியே காய்ந்தது. பட்டையை உரித்தோம். உள்ளே, இடுப்புயரத்தில், சுற்றிலும் கோடரி வாய் அகலத்துக்குத் தழும்பு. வெர்னா அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்க தாத்தா மரவெட்டி. பயத்துல நல்ல மரத்தையும் சேர்த்துத்தான் வெட்டினாராம். தாங்கக்கூடிய மரமும் அதுலயே போயிருக்கும்னு சாகறவரைக்கும் பொலம்பினார்."

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் ஏணி வைக்கும் உயரத்துக்கு இதுவரை ஒரு மரமும் பிழைத்ததில்லை. அப்படியானால் அன்று நான் ஏறியது எந்த மரம் என்பதையும் வெர்னாவையே கேளுங்கள்.