ஆடி பிறப்பதற்குள்

தேனியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் ஓனரம்மா வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்: "மகனும் மருமகளும் வாராக. ஆடி பொறக்குறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க."

ஆறு வருடத்தில் மூன்றாவது வீடு. ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள் என்பதால், ஆனி மாதத்தில் ஊரில் பாதிப் பேர் வீடு தேடித்தான் அலைவார்கள். நானும் கணவரும் அலைந்து அலுத்துப்போன பிறகு ஆண்டிபட்டி ரோட்டில் ஒரு வீடு கிடைத்தது. அதில் இருந்தவர்கள் இன்னும் காலி செய்யவில்லை.

"அதனால என்ன? ஆனி கடைசி முகூர்த்தத்துல பால மட்டும் காய்ச்சிருங்க. சாமான பெறகு ஏத்திக்கலாம்" என்றார் அந்த ஓனர்.

அன்று, அவர்கள் கட்டி வைத்திருந்த மூட்டைகளைத் தாண்டி, பால் பாக்கெட்டோடு இன்னொருத்தியின் அடுக்களைக்குள் போய் நின்றேன். அந்த வீட்டுப் பெண் குழம்புச் சட்டியை இறக்கி அடுப்பை ஒதுக்கிக் கொடுத்தாள். பால் பொங்கியது. முதல் டம்ளரை அவளிடம் நீட்டினேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன், வாங்கிக் குடித்தாள். பிறகு, வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க விட்டுட்டு வர்ற வீட்டுக்கு ஆளு வந்துருச்சாக்கா? எங்களுக்கு இன்னும் எங்கனயும் அமையல."

"ஓனரம்மாவோட மகனும் மருமகளும் வாராகளாம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வீட்டுக்கும் மகனும் மருமகளும் வாராகன்னுதான் எங்க ஓனரும் சொன்னாக."